ஜவ்வாது மலை அடிவாரத்தில் முதுமரங்களும் மான்களும்: வேலூர்ப் பகுதியில் காட்டுநடைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரம் பார்க்க வேண்டுமென்றால் வேலூர்க்காரர்கள் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகள் வெயிலில் காய்ந்த பாறைகளாகவே கண்ணில் படுவதால், நம் பக்கத்தில் காடே இல்லை என்ற எண்ணம் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. திருவண்ணாமலைச் சாலையில் கணியம்பாடி வரை போய்த் தெற்கே பார்த்தால் போதும், அந்த எண்ணம் மாறிவிடும். அங்கே நீலமாக நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கும் இந்த மலையின் பெரும்பகுதி, 1989இல் வட ஆற்காடு பிரிக்கப்படும்வரை ஒரே மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சந்தனமும் வேங்கையும் கருமருதும் வளரும் இலையுதிர் காடு அது. புள்ளிமான் இன்னமும் அங்கே மேய்கிறது.

போகும்முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் கால்படாத காடு என்ற நினைப்போடு இங்கே வராதீர்கள். பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்து, வேட்டையாடி, சாமை விதைத்து, சாமி கும்பிட்டுவரும் மலை இது. இங்கே ஒரு பெருமரம் நிற்கிறதென்றால் அதை யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் விட்டார்கள் என்று கேட்கப் பழகியவருக்கே இந்தக் காடு பிடிபடும். இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியோடு நடப்பவர்களுக்காக எழுதியது.

முதலில், எங்கே நடப்பது?

புதிதாகத் தொடங்குபவர்கள் அமிர்திக்குப் போகலாம். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கணியம்பாடி வழியாகப் போக வேண்டும். 1967இல் தொடங்கப்பட்ட சிறிய வன உயிரியல் பூங்கா ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிலும் காடு, பக்கத்தில் ஓடை, மழைக்காலத்தில் அருவி. பூங்காவுக்குள் கூண்டுக்குப் பின்னால் நிற்கும் மானைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் நேர்மாறாகவே சொல்வேன். காட்டுக்குள் மானைத் தேடுவதற்கு முன் அங்கே அரைமணி நேரம் நின்று பாருங்கள். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, பயந்தால் வால் எப்படி உயர்கிறது, ஆணின் கொம்பில் எத்தனை கிளை என்பதையெல்லாம் கண் அங்கே கற்றுக்கொள்ளும். வெளியே ஒரு நொடி மட்டும் தெரிந்து மறையும் மானை அடையாளம் காண அந்தப் பழக்கம் வேண்டும்.

அமிர்திக் குன்றுகளின் நீர் நாகநதியாகக் கீழே இறங்குகிறது. அந்த ஆறு வறண்டு கிடந்தபோது, நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்ந்த பெண்கள் நீர் நிலத்துக்குள் இறங்குவதற்கான கிணறுகளை அதன் போக்கில் அமைத்தார்கள். மேலே காடும் கீழே கிணறும் ஒரே சங்கதி என்பதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் திரும்பும் வழியில் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் சற்று நின்று வரலாம்.

இரண்டாவது, வள்ளிமலை. வேலூருக்கு வடக்கே, காட்பாடி கடந்து பொன்னை போகும் பக்கம். அடர்ந்த காடு என்று சொல்ல முடியாது. பாறையும் புதரும் படிக்கட்டுமான குன்றுதான். ஆனால் நம் பகுதியில் மானையும் காட்டையும் கதையாகப் பிடித்து வைத்திருக்கும் இடம் இதுவே. மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்து, வேடர் தலைவன் நம்பிராசனால் எடுத்து வளர்க்கப்பட்ட வள்ளி, தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண்கல் வீசிக் கிளி விரட்டிய மலை என்று இதைச் சொல்கிறார்கள். அதே குன்றில் 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் காலத்தில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் கல்வெட்டும் இருக்கின்றன. திருப்புகழை ஊரெங்கும் பாடிப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்ததும் இங்கேதான். ஒரு காலைப்பொழுதில் ஏறி இறங்கிவிடலாம். குரங்குகள் அதிகம். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

மூன்றாவது, ஜவ்வாது மலையின் மேல்தளம். ஜமுனாமரத்தூருக்குப் போளூர் வழியாகவும் ஆலங்காயம் வழியாகவும் பஸ் உண்டு. ஒரு நாள் போதாது, ஓர் இரவாவது தங்க வேண்டும். பீமன் அருவி, கோமுட்டேரி என்று எல்லாரும் போகும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைவிட, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஊர்விட்டு ஊர் போகும் மண்பாதைகள்தான் நடப்பதற்கு நல்லவை. ஆலங்காயம் பக்கம் வந்தால் காவலூர் வானாய்வகம் காட்டின் நடுவே நிற்கும். 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அந்த இருட்டுக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். ஆகவே இரவில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டும்போது தேவையில்லாத விளக்குகளை அணைத்துவிடுவது மரியாதை.

ஏலகிரியில் சுவாமிமலை ஏற்றம் பிரபலம். உடலுக்கு நல்ல பயிற்சி. முதுமரமும் மானும் பார்க்க விரும்புபவருக்கு அது என் முதல் தேர்வில்லை.

போக வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடமும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் காடுகள் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டியவை. யானைகள் எல்லை தாண்டி வந்துபோகும், சிறுத்தையும் நடமாடும். வனத்துறையினர் கூட வராமல் அங்கே எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக் கூடாது.

அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வேண்டாம்

மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. பொதுச்சாலை, பூங்கா, கோவில் படிக்கட்டு ஆகியவற்றை விட்டு விலகிக் காட்டுப்பாதையில் இறங்குவதற்கு அந்தந்த வனச்சரக அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாயின. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்றே தனி ஒழுங்குமுறை விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 வழித்தடங்களை இணையத்தில் முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். ஏலகிரிப் பக்கமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தடங்களில் இல்லாத இடத்துக்கு ரேஞ்சர் அலுவலகத்தில் நேரில் கேட்பதே வழி.

அலுவலகத்தில் கேட்கும்போது எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஜவ்வாது மலையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. இது சந்தனக் காடு. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. கடத்தலால் நெடுங்காலம் அவதிப்பட்ட மலை இது. முன்னறிவிப்பில்லாமல் புதருக்குள் அலையும் வெளியூர்க்காரரைக் காவலர்கள் சந்தேகத்தோடு பார்த்தால் அது அவர்கள் குற்றமில்லை. கத்தி, அரிவாள், ரம்பம் எதையும் பையில் வைக்காதீர்கள்.

பருவமும் பொழுதும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சிறந்த காலம். ஓடையில் நீர் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். ஜனவரி கடைசியில் இலை உதிரத் தொடங்கியதும் பார்வை தூரம் போகும். மானைப் பார்க்க அதுவே தோது. செப்டம்பர், அக்டோபரில் காடு பச்சையாக இருக்கும், ஆனால் புல் இடுப்பளவு வளர்ந்து தடத்தை மறைத்துவிடும். பாம்பைப் பார்க்காமல் கால் வைக்கும் அபாயம் அதிகம்.

மார்ச் முதல் மே வரை போகாதீர்கள். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைவிடவும் பெரிய காரணம் தீ. காய்ந்த புல்லில் பற்றும் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதன் ஓடித் தப்ப முடியாது. அந்த மாதங்களில் மான்கள் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நீர்க்குட்டைகளையே நம்பி இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நாம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அவை தாகத்தோடு காத்திருக்கும்.

பொழுது விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, பத்தரை மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் என்றால் நான்கு மணிக்குத் தொடங்கி, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாலைக்கு வந்துவிட வேண்டும்.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை. மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ பருத்தி உடை. வெள்ளையும் பளிச்சென்ற நிறங்களும் வேண்டாம். வாசனைத் தைலம், சென்ட் எதுவும் பூச வேண்டாம். மரத்தின் சுற்றளவை அளக்க ஒரு கயிறு, சிறு குறிப்பேடு, பைனாகுலர் இருந்தால் நல்லது. புளிச்சோறோ இட்லியோ வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டால் குப்பை சேராது. வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மலைமடிப்புகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

நடக்கும் முறை

இந்த மலைப்பகுதிக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வழிகாட்டி ஒன்று எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. சேயாற்றையும் பாடுகிறது. அழகை மட்டும் பாடியிருந்தால் அது வழிகாட்டியாகியிருக்காது. காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்த பிறகு போங்கள் என்கிறது. பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்லி எச்சரிக்கிறது. புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே மறைந்து கடந்து செல்லுங்கள் என்கிறது. வழுக்கும் பாறையைப் பற்றியும் சொல்கிறது. கவண்கல்லைத் தவிர மற்றவை எல்லாம் இன்றைக்கும் செல்லும். பன்றிக்கு இன்று வைக்கப்படுவது பல இடங்களில் மின்கம்பி. விளைநிலத்து ஓரத்தில் தாழக் கட்டிய கம்பி எதையும் தொடாதீர்கள், இருட்டில் கொல்லைகளைக் குறுக்கே கடக்காதீர்கள்.

மற்றபடி நடையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வழிகாட்டி முன்னே, பிள்ளைகள் நடுவில். இருபது அடி நடந்தால் ஒருமுறை நின்று கேளுங்கள். கட்டையைத் தாண்டும்போது நேராக அந்தப் பக்கம் கால் வைக்காமல், கட்டைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். கரடி உள்ள மலை இது. பழுத்த நாவல் மரத்தடியிலும் கிளறிப் போட்ட கறையான் புற்றுப் பக்கத்திலும் நிற்காமல் பேச்சுக்குரல் கொடுத்துக்கொண்டே விலகிப் போங்கள். மானைத் தேடும்போது அமைதி, கரடி இருக்கக்கூடிய இடத்தில் சத்தம். எது எங்கே என்று வழிகாட்டி சொல்வார்.

தூரத்தைக் கணக்கிடாதீர்கள் என்பதே என் முக்கியமான ஆலோசனை. ஒரு காலைப்பொழுதில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். பத்து கிலோமீட்டர் நடந்தவர்கள் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மரத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

மரத்தைப் படிப்பது

இலையிலிருந்து தொடங்காதீர்கள். நீங்கள் போகும் மாதத்தில் பாதி மரங்களில் இலை இருக்காது. பட்டையிலிருந்து தொடங்குங்கள்.

சரிவில் நிற்கும் கருமருதின் பட்டை கருத்து, ஆழமாக வெடித்து, முதலைத்தோல்போல் கட்டங்கட்டமாக இருக்கும். விரல் நுனி அந்த வெடிப்பில் புதையும். தீயைத் தாங்குவதற்கு அந்தத் தடிப்பு உதவுகிறது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. அதன் உறவான நீர்மருது ஓடைக்கரையை விட்டு நகராது. அதன் பட்டை வழவழப்பாக, சாம்பலும் வெளிர்பச்சையும் கலந்த நிறத்தில், தகடுதகடாக உரியும். ஒரே குடும்பத்து மரங்கள் இரண்டு, நூறடி இடைவெளியில் நீருக்குத் தக்கபடி தோல் மாற்றி நிற்பதைக் காணலாம்.

வேங்கையைக் காயம் காட்டிக் கொடுக்கும். பட்டையில் அடிபட்ட இடத்தில் சிவப்புப் பிசின் வழிந்து, காய்ந்த ரத்தம்போல் உறைந்திருக்கும். அதற்காக நீங்கள் காயப்படுத்தாதீர்கள், பழைய தழும்பைத் தேடினால் போதும். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூவைப் புலி என்று நினைத்து யானை மிரண்டதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். மஞ்சள் பூ கருங்கல்லில் பரவிக் கிடப்பதைப் பார்த்தால் அவர்கள் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும்.

சந்தனத்தைத் தேடுபவர்கள் மூக்கை நம்பி ஏமாறுகிறார்கள். நிற்கும் மரத்தில் இலைக்கும் பூவுக்கும் பட்டைக்கும் அந்த மணம் இல்லை. மணமெல்லாம் உள்ளே வைரக்கட்டையிலும் வேரிலும்தான். எதிரெதிராக அமைந்த சிறிய இலைகள், தொங்கும் மெல்லிய கிளைகள், பழுத்தால் கருநீலமாகும் சிறு பழம் என்று அது மிக அடக்கமான மரம். தனியாக வளரவும் முடியாது. பக்கத்து மரங்களின் வேர்களில் தன் வேரைப் பதித்து அவற்றின் சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதனால் சந்தனத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுற்றியுள்ள புதரையும் மரத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். வேரிலும் எண்ணெய் இருப்பதால் வெட்டுபவர்கள் அடியோடு தோண்டி எடுப்பார்கள். காட்டில் சில இடங்களில் புல் மூடிய குழியைப் பார்த்தால் அது என்ன என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். சந்தன மரம் கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தோடு சேர்த்து இணையத்தில் போடாதீர்கள். அந்த மரத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை.

முதுமரத்தை எப்படி அறிவது? நெஞ்சு உயரத்தில் கயிற்றைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றளவை வைத்து உடனே இத்தனை நூறு ஆண்டு என்று சொல்லிவிடாதீர்கள். ஆல் வேகமாகப் பருக்கும், வேங்கை மெதுவாகவே பருக்கும். பாறைச் சரிவில் நோஞ்சானாக நிற்கும் மரம், ஓடைக்கரையில் கொழுத்து நிற்கும் மரத்தைவிட மூத்ததாக இருக்கலாம். வேறு அடையாளங்களைப் பாருங்கள். உச்சிக்கிளைகள் பட்டுப்போய்க் கீழே புதுத்தழை விட்டிருப்பது, அடிமரத்தில் பொந்து, முறிந்த கிளை உதிர்ந்த இடத்தில் உதடுபோல் மூடிய தழும்பு, வேர்கள் மண்ணுக்குமேல் புடைத்து நிற்பது. உள்ளே பொள்ளலாகிவிட்ட மரம் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தின் உயிர் பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இருக்கிறது. நடுக்கட்டை உளுத்துப்போன பிறகும் நெடுங்காலம் அது பூத்துக் காய்க்கும். அந்தப் பொந்தில் ஆந்தையும் உடும்பும் தேனீயும் குடியிருக்கும். இளமரம் எதுவும் அந்த வீட்டைக் கொடுக்க முடியாது.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இது ஏன் வெட்டுப்படவில்லை? ஊர் ஓரத்துப் பெரிய புளியமரமென்றால் விடை எளிது. புளி உலுக்கி விற்கும் வருமானம் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தையோ ஊரையோ தாங்கியிருக்கிறது. ஓடையோரத்து மருதை நீருக்காக விட்டிருப்பார்கள். இலுப்பையை எண்ணெய்க்காகவும் பூவுக்காகவும் விட்டிருப்பார்கள். அடியில் ஒரு சூலமும் மஞ்சள் பூசிய கல்லும் இருந்தால் அது சாமி மரம். எந்த விடையும் கிடைக்காத மரம் சில சமயம் பள்ளத்தில் நிற்கும். வண்டி இறங்க வழியில்லாததால் தப்பியிருக்கும்.

மானைப் பார்ப்பது

மானைத் தேடிப் போனால் மான் ஓடும். அது வரும் இடத்தில் முன்பே போய் உட்கார்ந்தால் வரும்.

முதலில் தடம். ஈர மண்ணில் இரு பிளவாகக் கூர்முனையோடு பதிந்த குளம்படி, காட்டுப்பன்றியின் தடத்தைவிட ஒடுக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும். பன்றித் தடத்தில் பின்னால் இரு சிறு விரல்களும் பக்கவாட்டில் பதிந்திருக்கும். அடுத்து, மரத்தின் கீழ்த்தழை. மான் எட்டும் உயரம் வரை இலை மேயப்பட்டு, கத்தரித்ததுபோல் ஒரே மட்டமாக இருக்கும். இளமரத்தண்டில் பட்டை உரிந்து பளபளத்தால் ஆண்மான் கொம்பைத் தேய்த்த இடம். நெல்லி மரங்களுக்குப் பக்கத்தில், மான்கள் படுத்து அசைபோடும் நிழலில், சுத்தமான நெல்லிக்கொட்டைகள் கொத்தாகக் கிடப்பதைக் கவனியுங்கள். விழுங்கிய நெல்லியின் சதையைச் செரித்துவிட்டு, அசைபோடும்போது கொட்டையை வாய்வழியே துப்பிவிடுகிறது மான். நெல்லி புது இடத்தில் முளைப்பதற்கு அதுவும் ஒரு வழி. அந்தக் கொட்டைகளை எடுத்துப் பையில் போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, காற்று. கொஞ்சம் புழுதியை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்துப் பாருங்கள். அது உங்கள் முகத்தை நோக்கி வந்தால் சரியான பக்கம் இருக்கிறீர்கள். உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து காற்று போனால் எத்தனை அமைதியாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவது. மானின் கண் அசைவைப் பிடிக்கும், அசையாத உருவத்தை அவ்வளவு எளிதில் பிரித்தறியாது. மரத்தின் பருமனுக்குள் உங்கள் உருவம் கரைந்துவிட்டால் கூட்டம் வெட்டவெளியில் வந்து மேய்வதைக் காணலாம். குரங்குகள் இருக்கும் மரத்தைக் கவனியுங்கள். அவை தின்றபடி உதிர்க்கும் காயையும் தழையையும் தேடி மான்கள் கீழே வரும். மார்ச்சில் இலுப்பைப் பூ விழும் விடியலில் மான் அங்கே கட்டாயம் வரும் என்பார்கள். தீ இல்லாத ஆண்டில், வனத்துறையினருடன் மட்டும் அதைப் பார்க்க முயலுங்கள்.

புள்ளிமான் கூட்டமாக வாழும். புள்ளிகள் சாகும்வரை மாறுவதில்லை. ஆணின் கொம்பு ஒவ்வொன்றும் மூன்று முனை கொண்டது. ஆண்டுக்கொருமுறை விழுந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் தோல் போர்த்திருக்கும், அதனுள் ரத்தம் ஓடும். கடமான் உருவில் மிகப் பெரியது, கரும்பழுப்பு நிறம், பெரும்பாலும் இரவில் உலாவும். நாய் குரைப்பதுபோல் காட்டுக்குள் ஒரு குரல் கேட்டால் அது கேளையாடு என்ற மானாக இருக்கலாம். சருகுமான் முயலளவே இருக்கும், பகலில் பார்ப்பது அரிது.

எச்சரிக்கைக் குரலைக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளிமான் கூர்மையாக ஒரு கீச்சொலி எழுப்பி, முன்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கி அடிப்பக்கத்து வெண்மையைக் காட்டும். அது உங்களைப் பார்த்துத்தான் என்றால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். எழாமல், முகத்தைத் திருப்பி, சற்றுப் பொறுத்துப் பின்வாங்குங்கள். உங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து அது கத்தினால் அந்தப் பக்கத்தில் வேறேதோ இருக்கிறது. உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

உணவு போடாதீர்கள். பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் பழகிய மான் மனிதரை நோக்கி நடக்கும், அந்த நடை அதைச் சாலைக்கும் நாய்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். விழுந்து கிடக்கும் கொம்பை எடுத்து வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். முள்ளம்பன்றிக்கும் அணிலுக்கும் அது சுண்ணாம்புச் சத்து. உற்றுப் பார்த்தால் அவை கொறித்த பல்தடம் வரிவரியாகத் தெரியும்.

சாமி மரமும் நடுகல்லும் ஊரும்

மலைமேல் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரை வைத்துக் கேரளத்தோடு சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ். ஊருக்குள் நுழைந்ததும் பெரியவர் யாரையாவது பார்த்து, "ஐயா, வேலூரிலிருந்து வருகிறோம், மரம் பார்க்க வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வார்த்தையில் பல பாதைகள் திறக்கும். "அம்மா, இந்தப் பாதையில் போகலாமா?" என்று கொல்லையில் வேலை செய்பவரிடம் கேட்டால், எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே பன்றி இறங்கியது என்பதெல்லாம் சேர்ந்து வரும். நெல்லி, கடுக்காய், புளி, தேன் ஆகியவற்றைச் சேகரிக்க 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அது அவர்கள் வருமானம். கீழே கிடப்பதுதானே என்று பொறுக்காதீர்கள், விலை கொடுத்து வாங்குங்கள். சாமையும் தேனும் அங்கேயே வாங்கினால் பணம் நேராகப் போய்ச் சேரும்.

கோவில் தோப்புக்கு முன் செருப்பைக் கழற்றுங்கள். எல்லாத் தோப்புக்குள்ளும் எல்லாரும் போகலாம் என்பதில்லை. சிலவற்றில் பெண்கள் போவதில்லை, சிலவற்றில் பூசாரி இல்லாமல் யாரும் போவதில்லை. கேட்டுவிட்டுப் போங்கள். விழுந்த சுள்ளியைக்கூட அங்கிருந்து யாரும் எடுப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டால்தான் சுற்றிலும் மரம் குறைந்த இடத்திலும் தோப்பில் மட்டும் பெருமரங்கள் நிற்கின்றன.

மலையைச் சுற்றியுள்ள செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு எழுப்பிய கற்கள், வட்டெழுத்தில் பெயர் பொறித்தவை. வில்லும் குறுவாளும் ஏந்திய உருவங்கள். எடத்தனூர் நடுகல்லில் ஒரு நாயும் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டே சொல்கிறது. காட்டோரத்தில் மாடு மேய்த்தவர்களின் உலகம் எப்படி இருந்தது என்று அறிய அந்த ஒரு கல் போதும். நடுகல்லைக் கண்டால் எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே தெரியும்.

அடிபட்ட மானைக் கண்டால்

கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமானை நாய்கள் கடித்துக் குதறிய செய்தி நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் வருகிறது. நடைக்குப் போகும்போதோ வரும்போதோ நீங்களும் அதைப் பார்க்க நேரலாம். முதலில் நாய்களை விரட்டுங்கள். பிறகு கூட்டத்தை விரட்டுங்கள், இதுதான் கடினம். மானைத் துரத்திப் பிடிக்காதீர்கள். காயத்தால் சாகாத மான்கூட பயத்திலும் ஓட்டத்திலும் தசையும் இதயமும் தளர்ந்து செத்துவிடும். விழுந்து கிடந்தால் ஈரத்துண்டையோ சட்டையையோ கண்ணை மூடும்படி மெல்லப் போர்த்துங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். இருட்டானால் அது அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். படம் எடுக்காதீர்கள், அதற்குமேல் தொடாதீர்கள், பேசாதீர்கள். காகிதத்தில் எழுதி வைத்த எண்ணுக்கு அழைத்து, இடத்தையும் சாலையையும் அருகிலுள்ள ஊரையும் சொல்லிவிட்டு, வனத்துறை வண்டி வரும்வரை பத்தடி தள்ளி நின்று நாய்கள் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.